மின்சாரம் ஓடும் பனியன்

பெங்களூர் நீலசந்திராவில் வீணாவைத் தெரியாதவர்களுக்குக்கூட அவள் சிரிப்பைத் தெரியும். சந்தின் ஒரு முனையில் அவள் சிரித்தால் மறுமுனையில் பால் வாங்க நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா காந்தா மெயின் ரோட்டில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். வீணாவுக்குப் பீன்யாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால், "கரண்ட் ஓடுற பிளாஸ்டிக் செய்றேங்க்கா" என்பாள்.

"பிளாஸ்டிக்ல எங்கம்மா கரண்ட் ஓடும்? ஒயர் மேல பிளாஸ்டிக் சுத்தறதே ஷாக் அடிக்கக்கூடாதுன்னுதானே?"

"அதை ஓட வெக்கிறதுதாங்க்கா வேலையே!" என்று சொல்லிவிட்டு அப்பாவின் ஆட்டோவில் ஏறிக்கொள்வாள். டிரினிட்டியில் மெட்ரோ, மெஜஸ்டிக்கில் மாறிப் பச்சை லைன், பிறகு பீன்யா. விரல் நகங்களில் எப்போதும் ஒரு கருநீலக் கறை இருக்கும். மெட்ரோவில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மருதாணி கெட்டுப்போய்விட்டதா என்று விசாரிப்பார்கள்.

வேதியியல் மேல் அவளுக்கு ஆசை வந்தது பி.யூ.சி. படிக்கும்போது. சோதனைக் குழாயின் உட்சுவரில் வெள்ளி படிந்து கண்ணாடியாக மாறும் பரிசோதனை ஒன்று உண்டு. வீணாவின் குழாயில் வெள்ளி படிந்ததும் அதில் அவள் மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். லெக்சரர் வெளியே அனுப்பிவிட்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடமே போய், "சார், இன்னொரு வாட்டி செய்யட்டுமா? இந்த வாட்டி சிரிக்க மாட்டேன்" என்று கேட்டாள். அவர் அனுமதி கொடுத்தார். மறுபடியும் சிரித்தாள்.

அப்படியே பி.எஸ்.சி., எம்.எஸ்.சி. என்று படித்து, உதவித்தொகையோடு ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். தெருவே கொண்டாடியது. நாகேஷ் ஆட்டோவின் முன் கண்ணாடியில் மாலை போட்டு ஓட்டினார்.

அங்கேதான் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை வீணா முதன்முதலில் கையில் எடுத்தாள். எந்தப் பிளாஸ்டிக்கும் உள்ளே பார்த்தால் நீள நீளமான சங்கிலிதான். சாதாரணச் சங்கிலியில் மின்சாரத்துக்கு வழி இல்லை. ஆனால் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று அணுக்கள் மாறி மாறிக் கை கோத்து நிற்கும் சில சங்கிலிகள் உண்டு. அவற்றோடு கொஞ்சம் தகுந்த அமிலத்தைச் சேர்த்தால் மின்சாரம் சங்கிலி நெடுக ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை எங்கே என்றால், அந்தச் சங்கிலிகள் விறைப்பானவை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு படுத்துவிடும். எதிலும் கரையாது, சூடு பண்ணினால் உருகாது. கரையாத, உருகாத ஒரு பொருளை வைத்துப் பூசுவது எப்படி, அச்சடிப்பது எப்படி?

வீணா செய்ததெல்லாம் கருப்புப் பொடியாகவே வந்தது. நல்ல பொடி, மின்சாரம் பிரமாதமாக ஓடியது. ஆனால் எந்தத் திரவத்தில் போட்டாலும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வருடங்கள் போயின. கடைசியில் ஒருநாள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். சில நாள் அழுதாள். தெருவில், "டாக்டர் ஆவுறேன்னு போச்சே பொண்ணு, இன்னா ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கு காந்தா, "படிச்சது போதும்னு வந்துட்டா. உனக்கு இன்னா, சட்டைக்கு மடிப்பு வெக்கணுமா வேணாமா?" என்று பதில் சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பீன்யா கம்பெனியை நடத்துபவர் சேஷகிரி. அவர் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னே மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். மின்னணுத் துறையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகு சொந்தமாக ஒரு ஷெட் எடுத்திருந்தார். ஒரு பக்கம் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலை, மறுபக்கம் ரப்பர் வாஷர் செய்பவர்கள். நடுவில் இவர் செய்ய நினைத்தது ஒரு பனியன். போட்டுக்கொண்டால் நாள் முழுக்க இதயத் துடிப்பை அதுவே பதிவு செய்ய வேண்டும். மார்பில் பசையும் ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம், வயர் தொங்க வேண்டாம். உலோக நூலை வைத்துப் பின்னிப் பார்த்தார்கள். அது உடம்பைக் கீறியது, துவைத்தால் முறிந்தது. துணியோடு துணியாக வளையும் பிளாஸ்டிக்தான் சரி என்று முடிவாகியிருந்தது.

நேர்முகத்தில் சேஷகிரி, "ஏம்மா பிஎச்.டி.யை நடுவுல விட்டே?" என்று கேட்டார்.

"கரையல சார்."

"எது கரையல?"

"நான் செஞ்ச பாலிமரு. எதுல போட்டாலும் கரையல. கடைசில நான்தான் கரைஞ்சு போயிட்டேன்."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நோடு, இங்க பாரு, எங்களுக்கும் அதே பிரச்சினைதாம்மா. திங்கட்கிழமை வந்துடு."

அந்த ஷெட்டில் இன்னொருவன் ஹெர்பர்ட். விவேக் நகர்காரன், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் வீடு. எலக்ட்ரானிக்ஸ் அவன் பொறுப்பு. வீணா பூசிக் கொடுப்பதில் கம்பி வைத்து, மின்சாரம் எவ்வளவு போகிறது, இதயத் துடிப்பு எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று பார்ப்பான். அவள் கொடுக்கும் மாதிரிகளை "பேஷண்ட்" என்றுதான் சொல்வான். "உன் பேஷண்ட் போயிட்டான் வீணா. வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிடு" என்று அடிக்கடி வந்து நிற்பான்.

வீணா இந்தத் தடவை சங்கிலியின் வடிவத்தையே மாற்றினாள். சங்கிலி நெடுக இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வால்களை ஒட்டவைத்தாள். வால் இருந்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படுக்க முடியாது. திரவம் உள்ளே புகுந்துகொள்ளும். முதல் பாட்டிலைக் குலுக்கியபோது அடியில் எதுவும் உட்காரவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நாவல்பழச் சாறு மாதிரி ஒரே சீராக இருந்தது. அவள் போட்ட கூச்சலில் ரப்பர் கம்பெனி ஆட்கள் தீ விபத்து என்று நினைத்து வாளியோடு ஓடிவந்தார்கள். ஹெர்பர்ட் அவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

அந்தக் குஷி ஒரு சலவைவரைதான் நீடித்தது. மை போலத் துணியில் பூச முடிந்தது, காய்ந்தது, மின்சாரமும் ஓடியது. ஆனால் சோப்புத் தண்ணீரில் ஒருதரம் அலசியதும் பக்கெட் முழுக்கக் கருப்பு. கரைய வைத்த அதே வால் இப்போது துவைக்கும்போதும் கரைய வைத்தது. வியர்வை பட்டால் படலம் களி மாதிரி இளகியது. மழைக்காலம் வேறு, காற்றில் இருந்த ஈரத்திலேயே சேர்த்த அமிலம் நழுவிப் போய், நாளுக்கு நாள் மின்சாரம் குறைந்தது.

சேஷகிரி பக்கெட்டை எட்டிப் பார்த்து, "ஏம்மா வீணா, இது பனியனா, மைக்கூடா?" என்றார்.

கரையவும் வேண்டும், பூசிய பிறகு கரையவே கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. பூசும்வரை வால் இருக்கட்டும்; பூசி முடித்ததும் வால் உதிர்ந்துவிட வேண்டும். இப்படி வால் உதிரும் பாலிமர்களை உலகில் சிலர் செய்திருக்கிறார்கள் என்று வீணா படித்திருந்தாள். சூடு பண்ணினால் வால் கழன்று விழுந்துவிடும். மொட்டைச் சங்கிலிகள் நெருக்கமாகப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு எதனாலும் அவற்றை அசைக்க முடியாது. சிக்கல் ஒன்றே ஒன்று. அதற்கு வேண்டிய சூட்டில் கண்ணாடி தாங்கும், உலோகம் தாங்கும், பனியன் தாங்காது. வீணா முதலில் அடுப்பில் வைத்த பனியன் சுருங்கி வெளியே வந்தபோது ஹெர்பர்ட் அதைத் தன் தண்ணீர் பாட்டிலுக்கு மாட்டிவிட்டு, "அளவு கரெக்ட்டா இருக்குது" என்றான். வெகு நாள்வரை அந்தப் பாட்டில் பனியனோடுதான் இருந்தது.

நழுவாத பெரிய அமிலம் ஒன்றை வீணா கண்டுபிடித்துவிட்டாள். பருமனான மூலக்கூறு, துவைத்தாலும் சங்கிலியைவிட்டு நகராது. குறைந்த சூட்டில் கழலும் வால்தான் கிடைக்கவில்லை. வாலையும் சங்கிலியையும் சேர்க்கும் இணைப்பை மாற்றி மாற்றிச் செய்தாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் கம்மிச் சூட்டில் கழன்றது. ஆனாலும் துணி பழுப்பேறியது. முறைப்படி அவள் முதலில் வாலைக் கழற்றி, அதன் பிறகுதான் அமிலத்தில் நனைப்பாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு சனிக்கிழமை மட்டும், அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், அமிலத்தை மையிலேயே கலந்து சும்மா ஒரு துணியில் தீற்றிப் பார்த்தாள். அப்போது, மறுநாள் சொந்தக்காரப் பெண்ணின் ரிசப்ஷனுக்காக வாங்கி, ஆசைக்கு அன்றே மேலே போட்டிருந்த மஞ்சள் ஜார்ஜெட் துப்பட்டாவிலும் பாதி மை கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து துப்பட்டாவைச் சுருட்டி அழுக்குக் கூடையின் அடியில் ஒளித்துவைத்தாள்.

காந்தாவின் கண்ணில் படாமல் துணியை ஒளிப்பது நடக்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பட்டா வீணாவின் முகத்தில் வந்து விழுந்தது.

"இன்னாடி இது, தார் ரோட்டுல பொரண்டியா? விசேஷத்துக்கு வேணுமேன்னு நேத்து ராத்திரி கரண்ட் போன இருட்டுலயே கூடையிலேர்ந்து எடுத்து, கரிப்பெட்டியால இஸ்திரி போட்டுட்டேன். விடியக்காத்தால பார்த்தா இவ்ளோ பெரிய கறை! சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன், ஊற வெச்சேன். போவவே மாட்டேங்குது."

"கத்தாதம்மா. நெயில் பாலிஷ் எடுக்கிற தண்ணி போட்டா ஒரு செகண்ட்ல போயிடும். எனக்குத் தெரியாதா?"

அந்த மை அதில் இளகிவிடும் என்பது வீணாவுக்கு மனப்பாடம். பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் வெள்ளை. பாட்டிலையே கவிழ்த்தாள். கறை அசையவில்லை.

வீணாவின் கை நின்றுவிட்டது.

"அம்மா, இதுக்கு எவ்ளோ சூடு வெச்சே?"

"ஜார்ஜெட்டுக்கு ஜாஸ்தி சூடு வெச்சா துணியே ஒட்டிக்கும். கம்மியாத்தான் வெச்சேன். நான் ஒண்ணும் அதைக் கெடுக்கல."

வீணா பாய்ந்து பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தாள். இரண்டு முனையையும் கறையின் இரண்டு பக்கம் வைத்தாள். முள் இல்லாத அந்தச் சின்னத் திரையில் எண் வந்தது, நல்ல எண். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பில் ஊறி, எலுமிச்சையில் ஊறி, கசக்கிப் பிழிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"வுடுடி! துப்பட்டா போச்சேன்னு நான் பேஜாராயி நிக்கிறேன், நீ டான்ஸ் ஆடுற!"

அன்று ரிசப்ஷனுக்கு வேறு துப்பட்டா போட்டுக்கொண்டு போனவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. காரணம் புரிந்துவிட்டது. மின்சாரம் ஓடுவதற்காகச் சேர்த்த அமிலம் வாலின் இணைப்பையும் அறுக்கும். அது கூடவே இருந்தால் பாதிச் சூடே போதும். இத்தனை நாளும் வாலைக் கழற்றிய பிறகு அமிலத்தைச் சேர்த்து, வேலைக்கு உதவும் கத்தியை வேலை முடிந்த பிறகே கையில் எடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை அமிலத்தையும் பாலிமரையும் ஒன்றாகக் கலந்து வைத்தாள். சில நாளில் பாட்டிலுக்குள் மை கெட்டியாகி, ராகிக் களி உருண்டை மாதிரி உருண்டு உட்கார்ந்துகொண்டது. சூடே இல்லாமல் அமிலம் பாட்டிலுக்குள் தன் பாட்டுக்கு வாலை அறுத்திருந்தது. "பேஷண்ட் பாட்டில்லயே போயிட்டான்" என்றான் ஹெர்பர்ட்.

பாட்டிலில் இருக்கும்வரை அமிலம் தூங்க வேண்டும். துணியில் பூசிச் சூடு காட்டினால் விழிக்க வேண்டும். வீணா அமிலத்தை அமோனியாவோடு சேர்த்துக் கட்டினாள். அமோனியா கூட இருக்கும்வரை அமிலம் சாது. சூடு பட்டால் அமோனியா ஆவியாகிப் பறந்துவிடும், அமிலம் எழுந்து வேலையைப் பார்க்கும். ஷெட் முழுக்க மூக்கைத் துளைத்தது. சேஷகிரி மூக்கில் கைக்குட்டையோடு வந்து, "அய்யோ ராமா, பொதுக் கழிப்பறை மாதிரி இருக்கேம்மா!" என்றார். பூசின பனியனைச் சோப்பில் திரும்பத் திரும்பத் துவைத்துக் காட்டியதும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "வாசனை பரவாயில்லே" என்றார்.

அடுத்து போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். சேஷகிரி போட்டார், ஹெர்பர்ட் போட்டான். இருவரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்பவர்கள். படலத்துக்கு அது ஒரு சோதனையே இல்லை. வியர்க்க வேண்டும், குலுங்க வேண்டும், புகையும் புழுதியும் பட வேண்டும். வீணா யோசிக்கவே இல்லை. சாயங்காலம் அப்பாவிடம், துடிப்பைப் பதியும் சின்னப் பெட்டியோடு பனியனை நீட்டினாள்.

"கரண்ட் அடிக்காதே கண்ணு?"

"உன் நெஞ்சுல ஓடுற கரண்ட்டைத்தான்ப்பா அது கேக்குது. அதுவா எதுவும் அடிக்காது."

"என் நெஞ்சுல கரண்ட் ஓடுதா? இத்தினி நாளா பில்லே வரலியே!"

மறுநாளிலிருந்து நாகேஷுக்கு ஒரே பெருமை. ஏறுகிற சவாரியிடமெல்லாம் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைத் திறந்து, "நம்ம பொண்ணு செஞ்சது சார், கரண்ட் ஓடுற பனியன்" என்று காட்டினார். சில்க் போர்டு சிக்னலில் ஒரு பெண்மணி கம்பியைத் தொட்டிருந்த கையைச் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை எதையும் தொடாமல் வந்தாராம்.

பதிவு நன்றாகத்தான் வந்தது. வேகத்தடை வரும் இடமெல்லாம் கோடு துள்ளியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் ஒரு நீண்ட பகுதியில் துடிப்புகள் ஒழுங்கு தவறிக் கிடந்தன. இரண்டு துடிப்பு கிட்டக் கிட்ட, அடுத்தது தள்ளி, மறுபடி மூன்று அவசரமாக. ஒவ்வொரு பெரிய துடிப்புக்கும் முன்னே வரவேண்டிய சின்ன மேட்டைக் காணவே இல்லை. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. வீணா அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வியர்வையில் படலம் எங்கோ விண்டு விண்டு ஒட்டுகிறது என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சுப்ரியா என்ற இதய மருத்துவர் பனியனைப் பார்க்க வருவதாக இருந்தது.

பனியனை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள், இழுத்தாள், முறுக்கினாள். படலத்தில் கீறல் இல்லை. சந்தேகம் தீராமல் புதிதாக ஒன்று பூசி அப்பாவுக்குக் கொடுத்தாள். அதிலும் அதே கோளாறு வந்தது. சேர்மானத்தை மாற்றி மூன்றாவதைக் கொடுத்தாள். அதிலும் வந்தது. அவள் சிரிப்பு அந்த வாரம் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. தன் பாலிமர் மறுபடியும் தன்னைக் கைவிட்டுவிட்டது என்றே நம்பினாள்.

ஹெர்பர்ட், நாகேஷ் போட்டுக் கழற்றிய அதே பனியனைத் தான் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே வெயிலில் கயிறு தாண்டிக் குதித்தான். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எண்ணிக்கை சொன்னார்கள். சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்து பதிவைத் திறந்தான். கோடு துள்ளியிருந்தது, ஆனால் துடிப்பு ஒவ்வொன்றும் கோத்துவைத்த மணி மாதிரி ஒழுங்காக வந்திருந்தது.

"வீணா, கோவிச்சுக்காத. பனியன் சரியா இருக்குது."

"அப்புறம் அப்பாகிட்ட மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஆமா" என்றான் ஹெர்பர்ட் மெதுவாக.

ஒரு வாரமாகப் படலத்தைச் சந்தேகித்தவளுக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. போன் செய்தாள். "அப்பா, நெஞ்சுல ஏதாவது படபடன்னு வருதா?"

"எப்பவாவது வரும். கேஸ் கண்ணு. ஒரு சோடா குடிச்சா போயிடும். எதுக்குக் கேக்குற?"

டாக்டர் சுப்ரியா ஷெட்டுக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மறுநாளே நாகேஷை ஆட்டோவின் பின்சீட்டில் உட்காரவைத்து, சேஷகிரி தன் காரை விட்டுவிட்டுக் கூடவே ஏறிக்கொள்ள, தெருவிலிருந்த வேறொரு டிரைவர் ஓட்டிப்போனார். "என் வண்டில நானே சவாரியா?" என்று வழி நெடுக முணுமுணுத்தார் நாகேஷ்.

ஆஸ்பத்திரியில் வழக்கமான இ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு கச்சிதமாக இருந்தது. நாகேஷ் எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட்டார். "பார்த்தியா? நான் சக்கத்தா இருக்கேன். உன் பனியன்தான் சரியில்ல."

டாக்டர் சுப்ரியா பனியன் கொடுத்த பதிவைத் திரையில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ சரியாத்தான் இருக்கு சார். வந்து வந்து போற கோளாறு இது. நீங்க இங்க வந்து படுக்கிற நேரத்துக்கு அது போயிடுது. அதனாலதான் இத்தனை நாள் யார் கண்ணுலயும் படல." பிறகு வீணா பக்கம் திரும்பினார். "இது ஆட்டோ ஓட்டும்போது எடுத்ததா? நிஜமாவா?"

எதற்கும் உறுதியாகட்டும் என்று ஆஸ்பத்திரியின் சொந்தக் கருவியை, ஸ்டிக்கரும் வயருமாக, நாகேஷின் மார்பில் மாட்டி அனுப்பினார்கள். ஊறல் எடுக்கிறது என்று அவர் புலம்பிய புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கருவியும் அதே கோளாறைப் பிடித்தது. இதயத்தின் மேல் அறைகள் சில நேரம் தாளம் தப்பித் துடிக்கின்றன. அப்போது ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்கூட வரலாம் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஆட்டோவும் ஓட்டலாம் என்றார்.

வராந்தாவில் வீணா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ஒரு வாரமா அந்தப் பாலிமரைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன் ஹெர்பர்ட். அது பாவம், உள்ளதைத்தான் சொல்லிச்சு."

"ஷெட்டுக்குப் போய் அதுகிட்ட சாரி சொல்லிடு" என்றான் துணைக்கு வந்திருந்த அவன். பக்கத்தில் நின்ற சேஷகிரி கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பனியனைக் காட்டி டாக்டரை நம்பவைக்க வேண்டிய அவசியமே அதன் பிறகு வரவில்லை. அவரே ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, வந்து வந்து போகும் படபடப்பு உள்ள நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வைட்ஃபீல்டில் கேப் ஓட்டுபவர்கள், பீன்யாவில் லேத் ஓட்டுபவர்கள், ஒரு பி.டி. மாஸ்டர் என்று பலர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். வீணா முன்பு படித்த நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வால் உதிரும் இந்தப் பாலிமரையே வைத்து, பாதியில் விட்ட பட்டத்தை முடிக்கலாம் என்றார்கள். பீன்யாவில் வேலை பார்த்துக்கொண்டே முடிப்பதென்றால் சரி என்றாள். ஒப்புக்கொண்டார்கள்.

நாகேஷ் மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார். சவாரிகளிடம் சொல்லும் கதை மட்டும் இப்போது நீண்டுவிட்டது. கதை முடியாவிட்டால் இறங்குமிடம் வந்த பிறகும் மீட்டரை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்.

ஒருநாள் இஸ்திரிக் கடையில் துணி மடித்துக்கொண்டே காந்தா கேட்டார்: "ஏண்டி, ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்குதா? எங்களுக்கெல்லாம் எப்ப செய்வே?"

வீணாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஜாக்கெட் துணியில் பூசிப் பார்த்தாள். பனியன் துணி மாதிரி அது இழுபடாது. உடம்பு அசைகிற இடத்தில் மடிந்து மடிந்து, படலத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்தன. சங்கிலியைக் கொஞ்சம் இளக்கமாகச் செய்ய வேண்டும். ஆனால் இளக்கினால் மின்சாரம் குறையும். மறுபடியும் இரண்டும் வேண்டும் என்ற அதே வம்பு.

"பேஷண்ட் எப்படி இருக்கான்?" என்று ஹெர்பர்ட் எட்டிப் பார்த்தான்.

"இருக்கான் இல்ல, இருக்கா. இந்த வாட்டி பேஷண்ட் பொண்ணு" என்றாள் வீணா. கீறல் விழுந்த துணியை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிடிவாதக்காரி. ஆனா வழிக்கு வருவா." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ரப்பர் கம்பெனியிலிருந்து ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, மறுபடியும் கரைஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.